விடுதியில் பேய்க் கதை எழும்பும்போது: யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையோடு இந்த மடலை எழுதுகிறேன். ஏதாவதொரு விடுதியில் பேய் உலாவுகிறதாம் என்ற கதை எழும்புவதும், இரண்டொரு நாளில் பெற்றோர் வந்து பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிச் செல்வதும், பிறகு விடுதியில் ஒரு பூசையோ செபமோ நடப்பதும் நமக்குப் புதிய சங்கதிகள் அல்ல. உருவத்தை முதலில் கண்ட பிள்ளைக்கு நூல் கட்டுகிறார்கள், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள், கழிப்புக் கழிக்கிறார்கள். சில வேளைகளில் வேப்பிலையால் அடிக்கவும் செய்கிறார்கள். இவ்வளவும் நடந்து முடிகிற வரைக்கும், அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போனாள், எப்படிப் படுத்திருந்தாள், எதைக் கண்டாள், அதற்கு முந்திய நாட்களில் அவளுக்கு என்ன நடந்தது என்று ஆறுதலாக இருந்து கேட்டவர் எவரும் இருப்பதில்லை. இந்தக் குறையைப் பாடசாலைகள்தாம் தீர்க்க முடியும் என்று நம்புவதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இத்தகைய பிள்ளைக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, பேய் பிடித்துவிட்டது என்பது. மற்றது, படிப்புக்குக் கள்ளத்தில் நடிக்கிறாள் என்பது. இரண்டும் அவளைக் கைவிடுகிற பதில்கள். அவள் கண்டது பொய் என்றும் சொல்லாதீர்கள், பேய் என்றும் சொல்லாதீர்கள் என்பதே இந்த மடலில் நான் வைக்கும் வேண்டுகோள். அனுபவம் மெய்யானது, அதன் காரணம் உடலிலும் மனத்திலும் சூழலிலும் இருக்கிறது, அந்தக் காரணங்களுட் பல இன்று நன்றாகத் தெரிந்தவை.

பேய் அமுக்கியது என்று நாம் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விடுதிக் கதைகள் பலவற்றின் வேர் அதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. விடியற்புறத்தில் விழிப்பு வருகிறது. அறை தெரிகிறது, நுளம்பு வலை தெரிகிறது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவள் கூடத் தெரிகிறாள். ஆனால் கையை அசைக்க முடியவில்லை, கூப்பிட வாய் வரவில்லை, நெஞ்சின் மேல் யாரோ ஏறி இருப்பதைப் போன்ற பாரம், கால்மாட்டில் கறுப்பாக ஓர் உருவம். சில விநாடிகளோ ஓரிரு நிமிடங்களோ கழித்து எல்லாம் விட்டுப் போக, அவள் வியர்த்து விறுவிறுத்து எழுந்து அலறுகிறாள்.

1953 ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் விரைந்து அசைவதையும், அந்தக் கட்டத்தில் எழுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்வதையும் வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தில் மூளையின் அடித்தண்டு, கைகால் தசைகளை இயக்கும் நரம்புக் கலங்களை அடக்கி வைக்கிறது. கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதித்து ஓடாமல் இருப்பது இந்தக் காவலினால்தான். கண் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் இந்தத் தடையிலிருந்து பெரிதும் தப்பி இயங்குகின்றன. இந்தக் கட்டு அவிழ முன்னர் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்க, உடல் கட்டுண்டிருக்க, கனவு முடியாமலேயே அறைக்குள் வந்து நிற்கிறது. மூச்சை ஆழமாக இழுக்க முயன்றும் நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்காதபோது, அது பாரம் ஏறியதாக உணரப்படுகிறது. மருத்துவம் இதைத் தூக்க முடக்கம் என்கிறது.

கால்மாட்டில் நிற்கும் உருவத்துக்கும் ஒரு விளக்கம் கிட்டியிருக்கிறது. 2006 இல் சுவிற்சர்லாந்தில் ஒலாவ் பிளாங்கே என்ற நரம்பியல் அறிஞரின் குழுவினர், வலிப்புச் சிகிச்சைக்கு முன்னான பரிசோதனை ஒன்றின்போது, 22 வயதுப் பெண்ணொருவரின் மூளையில், இடது பக்கம், காதையொட்டிய பொட்டுப் பகுதியும் உச்சிப் பகுதியும் சந்திக்கும் இடத்தை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டினார்கள். உடனே தன் பின்னால் ஒருவர் இருப்பதை அவர் உணர்ந்தார். அவர் படுத்திருந்தால் அந்த நிழலும் படுத்திருந்தது. அவர் எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, அந்த நிழல் தன்னைக் கட்டிப்பிடிப்பதாகச் சொல்லி அருவருத்தார். என் உடல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மூளை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்குப் பிசகும்போது நம் உடலே இன்னோர் ஆளாக நமக்குத் தோன்றக்கூடும் என்பதை இந்தச் சோதனை காட்டியது. உறக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கும் வேளையில் இத்தகைய பிசகு நேர்வது வியப்பல்ல.

பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட மீளாய்வொன்று 2011 இல் வெளியானது. பொதுமக்களில் ஏறத்தாழ 8 வீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையாவது தூக்க முடக்கத்துக்கு ஆளாகியிருந்தார்கள். மாணவர்களிலோ அது ஏறத்தாழ 28 வீதம். மாணவரிடையே ஏன் இவ்வளவு என்ற கேள்வி எழும். நித்திரை முழிப்பு, நேரம் தவறிய உறக்கம், மனப்பதற்றம், மல்லாந்து படுத்தல் ஆகியவற்றோடு இது சேர்ந்து வருவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் நமது விடுதிகளில் நடப்பதும் இதுவே: இரவு ஒரு மணி வரை படிப்பு, காலை நாலு மணிக்கு மணி அடித்து எழுப்புதல், பின்னேரம் ரியூசன், இடையில் மேசையில் தலை வைத்து ஒரு குட்டித் தூக்கம். தூக்க முடக்கத்தை ஜப்பானியர் கட்டுண்டு கிடத்தல் என்கிறார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கிழவி ஒருத்தி வந்து நெஞ்சில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் முனியாகவும் மோகினியாகவும் அது வருகிறது. உடலில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆளைத்தான் அந்தந்த ஊர் கொடுக்கிறது.

ஒரு பிள்ளையின் தூக்க முடக்கம் எப்படி விடுதி முழுவதற்குமான பேயாகிறது என்பதை விளங்கிக்கொள்ள, வகுப்பறையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒளி சிறிதும் புகாதபடி யன்னல்களை மூடிய அறையொன்றில், கொளுத்திய ஊதுவத்தியை அசையாதபடி நட்டு வையுங்கள். பிள்ளைகளைத் தள்ளி இருத்தி, அந்தத் தணல் பொட்டையே பார்க்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் அது நகரத் தொடங்கும். ஒருத்திக்கு இடப்பக்கமாக வழுக்கும், இன்னொருத்திக்கு மெல்ல மேலே ஏறும், வேறொருத்திக்கு வட்டமிடும். ஊதுவத்தி நட்ட இடத்தில்தான் நிற்கிறது. நம் கண்கள் ஒரு கணமும் முற்றாக அசையாமல் இருப்பதில்லை. பகலில் சுவரும் கதவும் மரமும் அடையாளமாக நிற்பதால் மூளை அந்த அசைவைக் கழித்துவிடுகிறது. இருட்டில் அடையாளம் எதுவும் இல்லாததால் அசைகிறது கண்ணா பொருளா என்று பிரித்தறிய அதற்கு வழி இல்லை.

முசாபர் செரிப் என்ற உளவியலாளர் 1935 இல் வெளியிட்ட ஆய்வில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். தனியே பார்த்தவர்கள் ஒளி நகர்ந்த தூரத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கூட்டாக இருத்திச் சத்தமாகச் சொல்லச் செய்தபோது, அவர்களின் கணிப்புகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வந்தன. பிறகு தனியே இருத்தப்பட்டபோதும் கூட்டத்தின் கணக்கையே தமது சொந்தக் கணக்காகச் சொன்னார்கள். எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் எவரையும் வற்புறுத்தவுமில்லை. பனங்கூடலுக்கு அப்பால் ஒரு வெளிச்சத்தைப் பத்துப் பிள்ளைகள் யன்னலில் நின்று பார்ப்பதும், அது கடனீரேரியில் இறாலுக்குப் போனவரின் விளக்காக இருக்க, பத்துப் பேரும் அது கிட்ட வந்ததாகச் சத்தியம் செய்வதும் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே விசாரிக்கும்போது பிள்ளைகளைக் கூட்டி வைத்து விசாரிக்காதீர்கள். கூட்டி வைத்துக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கதை மேலும் இறுகுகிறது.

இருட்டில் ஓரக்கண்ணுக்குத் தெரிந்த உருவம் திரும்பிப் பார்த்ததும் மறைந்துவிட்டது என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். விழித்திரையின் நடு மையத்தில், மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் கலங்கள் இல்லை. அவை சுற்றுப்புறத்திலேயே இருக்கின்றன. அதனால் இருட்டில் உள்ள ஒரு சீலையோ வாளியோ ஓரத்தில் தெரியும், நேரே பார்த்தால் கரைந்துபோகும். விடுதிக் குளியலறைக் கண்ணாடியில் வேறொரு முகம் தெரிந்தது என்பதற்கும் பதில் உண்டு. இத்தாலிய உளவியலாளர் ஜியோவன்னி கபூட்டோ 2010 இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் மங்கிய வெளிச்சத்தில் தத்தம் முகத்தைக் கண்ணாடியில் 10 நிமிடம் உற்றுப் பார்த்தார்கள். 66 வீதத்தினர் தமது முகம் பெரிதும் உருமாறக் கண்டார்கள், சிலர் அந்நியரையும், சிலர் பெற்றோரின் முகத்தையும் கண்டார்கள். குளியலறைக்கு ஒரு நல்ல மின்குமிழ் போட்டாலே இந்தக் கதை தீரும்.

சத்தங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பகல் முழுதும் காய்ந்த 6 மீற்றர் நீளத் தகரம், இரவில் 30 பாகை குளிரும்போது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் சுருங்குகிறது. ஆணியில் இறுகிக் கிடந்து திடீரென விடுபடும்போது யாரோ கூரையில் தட்டியது போலக் கேட்கும். காவோலை விழுவதும் மரநாய் முகட்டில் ஓடுவதும் நாமறிந்தவை. ஆனால் கூகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது மற்ற ஆந்தைகளைப் போல அலறுவதில்லை, கிறீச்சிடும். கூட்டிலிருக்கும் அதன் குஞ்சுகள் மனிதர் குறட்டை விடுவது போலச் சீறும். இறகின் ஓரம் சீப்புப் போலப் பிரிந்திருப்பதால் பறக்கும் ஓசை கேட்பதில்லை. இதய வடிவான வெள்ளை முகத்தோடு அது கூரையில்லாத வீடொன்றின் சுவரிலிருந்து நம்மை நோக்கி வந்தால் எவருக்கும் குலை நடுங்கும்.

கூரையில்லாத வீடுகள் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் பல இன்னும் பாழடைந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் இரவில் கமராவுடன் நுழைந்து, கையில் ஒரு மின்காந்தமானியைப் பிடித்துக்கொண்டு, முள் அசைந்ததும் ஆவி வந்துவிட்டது என்று காட்டும் காணொளிகளை நமது மாணவர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். சிலர் தாமே செய்யவும் புறப்படுகிறார்கள். அந்தக் கருவி கைத்தொலைபேசிக்கும் அசையும், வயருக்கும் அசையும். கட்டில்லாத கிணறுகளும் அகற்றப்படாத வெடிபொருட்களும் அங்கே இருக்கக்கூடும் என்பதே உண்மையான ஆபத்து. அதற்கும் மேலாக, அவை எவரோ பிறந்து வளர்ந்து, ஒரு பையோடு விட்டுவிட்டு ஓடிய வீடுகள். அவற்றைப் பேய் வீடு என்று காட்டிப் பணம் பண்ணுவது எனக்குப் பொறுக்கவில்லை, இதை மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

எழுத்துகள் எழுதிய தாளில் நாணயம் வைத்து ஆவியைக் கூப்பிடும் விளையாட்டு விடுதிகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதைக் கண்டதும் தாளைக் கிழித்துத் தண்டனை கொடுக்கிறோம். அதனால் அதன் மதிப்புத்தான் கூடுகிறது. 1853 இல் மைக்கேல் பரடே, அந்நாளில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த மேசையில் கை வைத்து ஆவியால் அதைச் சுழலச் செய்யும் வழக்கத்தைச் சோதித்தார். வழுக்கக்கூடிய அட்டைகளை அடுக்கி, கைக்கும் மேசைக்கும் இடையே வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும். மேல் அட்டைகளே முந்தியிருந்தன. தாம் தள்ளுகிறோம் என்பதை அறியாமலே மனிதர்கள் மேசையைத் தள்ளியிருந்தார்கள். எண்ணத்தின் வழியே தசை தானாக நுண்ணியதாய் அசைவதை வில்லியம் கார்ப்பென்டர் என்ற மருத்துவர் 1852 இலேயே விளக்கியிருந்தார். நூலில் மோதிரமொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அது முன்பின்னாக ஆட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையை ஆடாமல் பிடித்திருக்கச் சொல்லுங்கள், ஆடும். பிறகு நாணயத்தில் விரல் வைத்தவர்களின் கண்ணைக் கட்டி, அவர்களுக்குத் தெரியாமல் தாளைத் திருப்பி வையுங்கள். ஆவிக்கு எழுத்து மறந்துவிடும். தடை செய்வதைவிட இது பலன் தரும்.

புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைப் பற்றி ஒவ்வொரு பாடசாலையும் படிப்பிக்க வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. 1921 இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர், பேய் வீடொன்றில் வாழ்ந்த குடும்பத்தின் கதையை மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். காலடி ஓசை கேட்டது, படுக்கையருகே உருவங்கள் தெரிந்தன, பிள்ளைகள் வெளிறினார்கள், வீட்டுச் செடிகள் கூட வாடின. பழுதான வெப்பமூட்டும் உலையிலிருந்து புகை வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலையைத் திருத்தியதும் எல்லாம் நின்றது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. நமது வீடுகளில் உலை இல்லை, ஆனால் மின்வெட்டு நேரத்தில் விறாந்தையில் ஓடும் ஜெனரேற்றர் இருக்கிறது, பூட்டிய அறைக்குள் சிரட்டைக்கரி இருக்கிறது. கிணறு இறைப்பதற்கு மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்ட பிறகு, உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தால், முனி அடித்துவிட்டது என்பார்கள். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். அடித்தது மிசினின் புகை. அந்தக் கிணற்றுக்குள் மூச்சுக் கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது என்பது நமது பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எளிதானவை. இனிச் சொல்லப் போவதை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும்.

வேல்சு நாட்டுக் குடும்ப மருத்துவர் டூயி ரீசு, தமது பகுதியில் வாழ்க்கைத் துணையை இழந்த 293 பேரோடு பேசி, 1971 இல் தமது கண்டறிதலை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர், இறந்தவர் தம்முடன் இருப்பதாக உணர்ந்தோ, அவரைக் கண்டோ, குரலைக் கேட்டோ, அவரோடு பேசியோ இருந்தார்கள். பெரும்பாலானோர் அதை அதற்கு முன் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பலருக்கு அது பயமாக இருக்கவில்லை, ஆறுதலாக இருந்தது. அவர்கள் மனநோயாளர்கள் அல்லர். பல ஆண்டுகளாக மாலை ஆறரைக்குப் படலை திறக்கும் சத்தத்தையும், சைக்கிள் ஸ்டாண்ட் தட்டப்படும் சத்தத்தையும், அதன் பின்னான ஒரு செருமலையும் கேட்டுப் பழகிய மூளை, ஆள் போன பின்பும் ஆறரைக்கு அவற்றை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எதிர்பார்ப்புப் பலமாக இருக்கும்போது காற்றில் அசைந்த படலையே போதும்.

நமது மண்ணில் இதன் பாரம் வேறு. போரில் இழந்தவர்கள், 2004 ஆழிப்பேரலையில் இழந்தவர்கள், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் என்று எத்தனையோ வீடுகள். இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்வதற்கு ஒரு நாள் கூடத் தெரியாத தாய்க்கு, மகன் வந்து கூப்பிட்டது போல ஒரு குரல் கேட்டால், அதைப் பேய் என்று விரட்டவோ பைத்தியம் என்று ஒதுக்கவோ எவருக்கும் உரிமை இல்லை. அந்த வீடுகளிலிருந்துதான் நமது வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். "அப்பா ராத்திரி படலையைத் திறந்தவர், ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "அப்பாவை நினைச்சுக்கொண்டே படுத்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். துயரத்தில் இருக்கிற மனம் இப்படிக் காண்பதும் கேட்பதும் பலருக்கு நடப்பது, அதில் பயப்படவோ வெட்கப்படவோ ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் படலையையும் காற்றையும் பற்றி விளக்கம் சொல்லப் புறப்பட வேண்டாம். அவள் கேட்டால் சொல்லலாம்.

பேய் பிடித்து ஆடுதல் என்பது இன்னும் நுணுக்கமானது. திருவிழாவில் கலை வந்து, அதாவது சாமி வந்து, ஆடும் ஒருவரைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அது வழிபாட்டுக்கு உட்பட்டது, அவர் ஆடி முடிந்ததும் தம் வேலையைப் பார்க்கப் போகிறார். திடீரென்று வேறு குரலில் பேசி, தன்னை மறந்து, பிறகு நடந்தது ஞாபகமில்லை என்கிற பாடசாலைப் பிள்ளையைப் பற்றியே பேசுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும் அவரோடு சேர்ந்தவர்களும் வட இலங்கையில் இத்தகைய நிலைகளை ஆராய்ந்து 2008 இல் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே, நம் மொழி பேசுகிற மருத்துவர்களிடம் இதற்கான அறிவு இருக்கிறது. தன் வாயால் சொல்ல முடியாததை வேறொன்றின் வாயால் சொல்கிற நிலையாக அது இருக்கலாம். பொட்டுப் பகுதி மூளையில் எழும் வலிப்பாக இருக்கலாம். அதில் காரணமில்லாத பயமும் இல்லாத மணங்களும் வரும். 2007 இல் யோசெப் டால்மாவ் குழுவினர் விவரித்த ஒருவகை மூளையழற்சியாக இருக்கலாம். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது, சில நாட்களில் ஆளே மாறிப்போவது, நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் குணமடைவது. இவர்களைக் கழிப்புக்கும் அடிக்கும் அனுப்பிக் கழிகிற ஒவ்வொரு நாளும் இழந்த நாளே.

இந்த மடலில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்பும் விடயம் ஒன்று உண்டு. இரவில் ஓர் ஆள் என் கட்டிலில் வந்து இருக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தூக்க முடக்கமாக இருக்கலாம். அது உண்மையிலேயே ஓர் ஆளாகவும் இருக்கலாம். பேய் என்று முடிவு கட்டிவிட்டால் அந்த ஆள் தப்பிவிடுகிறார். தூக்க முடக்கம் என்று அவசரப்பட்டு விளக்கம் சொன்னாலும் தப்பிவிடுகிறார். ஆகவே விஞ்ஞான விளக்கத்தையும் முதலில் நீட்டாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியை தனியே இருந்து, எங்கே, எப்போது, யார் யார் அப்போது வீட்டில் இருந்தார்கள் என்று பதற்றமில்லாமல் கேட்கட்டும். ஐயம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுவதெல்லாம் சமமான உறுதி உடையவை அல்ல என்பதையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியியலாளர், தமது ஆய்வுகூடத்தில் தாம் கண்ட சாம்பல் நிற உருவத்துக்கு, விசிறியொன்று எழுப்பிய, செவிக்குக் கேட்காத, செக்கனுக்கு ஏறத்தாழ 19 அதிர்வுள்ள ஒலியே காரணம் என்று 1998 இல் எழுதினார். அழகான கதை, பல இடங்களில் முடிந்த முடிபாகவே எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் 2009 இல் வெளியான ஒரு பரிசோதனையில், இத்தகைய ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் ஓர் அறைக்குள் திறந்தும் மூடியும் பார்த்தபோது, பலர் விசித்திரமான உணர்வுகளைச் சொன்னபோதிலும், ஒலியோ புலமோ இருந்ததற்கும் அந்த உணர்வுகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஏதாவது நடக்கலாம் என்ற எதிர்பார்ப்பே போதுமானதாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பேயை விட்டுவிட்டு அதன் இடத்தில் புரியாத ஒரு அலையைக் குடியிருத்துவது விஞ்ஞானம் ஆகாது.

இந்த வழியில் நமக்கு முன்னோடி ஒருவர் இங்கேயே இருந்திருக்கிறார். கேரளத்தில் பிறந்து, 1928 இல் இலங்கைக்கு வந்து, யாழ். மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், பின்னாளில் பேய் வீடுகள் என்று சொல்லப்பட்ட இடங்களுக்கு நேரில் போய் ஆராய்ந்தவர். அற்புத ஆற்றலை ஏமாற்றில்லாமல் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அவர் அறிவித்தார். 1978 இல் அவர் இறக்கும்வரை எவரும் அதை வெல்லவில்லை. ஏமாற்றுக்காரரிடம் அவர் காட்டிய கடுமை நியாயமானது. பயந்த பிள்ளையிடம் அந்தக் கடுமை கூடாது என்பதே என் கருத்து. சவால் மந்திரவாதிக்கு, பரிவு பிள்ளைக்கு.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. சுகாதாரப் பாடத்திலோ காலைக் கூட்டத்திலோ, தவணைக்கு ஒரு தடவையாவது, பேய் அமுக்குதல் என்றால் என்ன என்று சொல்லுங்கள். முன்கூட்டியே அறிந்த பிள்ளை அது வரும்போது வெருளுவது குறைவு, விரல் நுனியையோ கால்விரலையோ அசைக்கப் பார்த்துக்கொண்டு, இது போய்விடும் என்று காத்திருக்க அவளுக்குத் தெரியும். விடுதியில் கதை எழும்பினால் முதலில் கண்டவளைத் தனியே, அன்பாகக் கேளுங்கள். குரல்கள் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, சாப்பாடும் உறக்கமும் குலைந்தாலோ, நினைவு தப்பினாலோ, யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டி வையுங்கள். பெற்றோர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ கொண்டுபோக விரும்பினால் தடுக்காதீர்கள், விபூதி எவரையும் கெடுப்பதில்லை. ஆனால் அடித்தல், பட்டினி போடுதல், முகத்தில் புகை காட்டுதல், கட்டி வைத்தல் எதற்கும் பாடசாலை உடன்படாது என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் அந்தப் பிள்ளையை விடுதியிலிருந்து விலக்கவும் வேண்டாம்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு காரியம். பரீட்சைக் காலம் உட்பட எல்லாக் காலத்திலும், விடுதி விளக்குகளை இரவு பத்தரைக்கு அணைத்து, காலை ஐந்தரைக்கு முன்னர் எவரையும் எழுப்பாத ஒழுங்கை ஒரு தவணைக்கு நடைமுறைப்படுத்திப் பாருங்கள். இரவில் அலறி எழும் பிள்ளைகளின் தொகையை விடுதிக் குறிப்பேட்டில் அதற்கு முந்திய தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கிடைக்கும் முடிவை வலயக் கல்விப் பணிமனைக்கும் மற்றப் பாடசாலைகளுக்கும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கோப்பாய்.